பதினாலாம் நம்பர் கோட்டு

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் கடலோரமாக இருக்கும் ஒரு விடுதியில் எனக்கு வேலை. என் அறைக் கதவில் 'சிஸ்டம் அட்மின்' என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். நான் படித்தது பி.காம்., கூடத் தெரிந்தது தட்டச்சு. விடுதிக்குப் புது சாஃப்ட்வேர் வந்த அன்று அதைக் கண்டு பயப்படாத ஒரே ஆள் நான் என்பதால் அது என் தலையில் விழுந்தது. யாருக்கு என்றைக்கு எந்த ஷிஃப்ட், யார் வந்தார்கள், யார் வரவில்லை, எந்த அறை சுத்தமாயிற்று என்பதெல்லாம் அதில்தான். புது ஆட்களைச் சேர்ப்பதும், பாஸ்வேர்டை மறந்தவர்களுக்கு வேறு கொடுப்பதும், சென்னையில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு மாதாமாதம் ரிப்போர்ட் போய்ச் சேருவதைப் பார்ப்பதும் என் பொறுப்பு. வீடு செங்கல்பட்டில். தினமும் ஸ்டாஃப் வேனில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போய் வருகிறேன்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போயும்விடும் என்று நான் சொல்லிக்கொள்வேன். அது போனதை யாரும் பார்த்ததில்லை என்பார் என் கணவர்.

பொத்தேரியில் இருக்கும் அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. வாடிக்கையாளர்கள் 'இது வேண்டும், அது சரியில்லை' என்று எழுதுவதற்காகவே இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். கோரிக்கைப் பலகை என்று அதை நாங்கள் சொல்வோம். ஒருவர் எழுதியது மற்றவர்களுக்கும் தேவையாக இருந்தால் அதன் கீழே ஓட்டுப் போடலாம். நிறைய ஓட்டு விழுந்ததை எடுத்துச் செய்து தருவார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. ஒரு பலகை கேட்கிறது என்றால் விடுவேனா? தேதியில் நாள் முதலில் வரட்டும், மாதம் அப்புறம் வரட்டும் என்று எழுதினேன். ரிப்போர்ட்டை அச்செடுத்தால் தமிழ்ப் பெயரெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது, அதைப் பாருங்கள் என்று எழுதினேன். இரண்டையும் செய்து கொடுத்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்தத் தெம்பில்தான் பூட்டு கேட்டேன்.

எங்கள் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்வதும் விரிப்பு மாற்றுவதும் இருபத்திரண்டு பெண்கள். சுற்றுவட்டாரத்து ஊர்களில் இருந்து வருகிறவர்கள். அவர்களுடைய அப்பா அம்மாவெல்லாம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர்கள் முதல் தலைமுறையாக மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்களுக்கு ஒரு சூப்பர்வைசர். வயது ஐம்பதைத் தாண்டியவர், எல்லாருக்கும் அண்ணாத்த. அவருக்கும் எனக்கும் தினமும் ஒரே சண்டை. வாரப் பட்டியலை நான் சிஸ்டத்தில் வெளியிட்ட மறு நிமிடமே போன் வரும்.

"மேடம், ஒரு சின்ன சேஞ்சு. நாளிக்கு ஒம்பதாம் நம்பர எடுத்துட்டு பதினாலாம் நம்பர்ல போடுங்கோ."

போடுவேன். ஒரு மணி நேரத்தில் இன்னொரு சின்ன சேஞ்சு. மாலைக்குள் நாலைந்து. ஏன் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. ஒழுங்கில்லாத மனிதர் என்று முடிவு கட்டி, பலகையில் போய் எழுதினேன்: பட்டியலை வெளியிட்ட பிறகு யாரும் கை வைக்க முடியாதபடி பூட்டு வேண்டும். திறக்கும் உரிமை தலைமை அலுவலகத்துக்கு மட்டும் இருக்க வேண்டும். பட்டியலுக்கு மாறாக ஒருவர் வந்தாலும் வராவிட்டாலும் அது சிவப்பு வரியாக ரிப்போர்ட்டில் ஏறி, மாதம் பிறந்ததும் தானாகவே தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

எங்களைப் போன்ற மற்ற விடுதிக்காரர்களும் சூப்பர்வைசர்களிடம் நொந்து போயிருப்பார்கள் போலிருக்கிறது. ஓட்டு குவிந்தது. மூன்றே மாதத்தில் பூட்டு வந்துவிட்டது. புது வசதிகளின் பட்டியலில் அதுதான் முதலாவது. அன்று இரண்டு கிலோ பால்கோவா வாங்கி விடுதி முழுக்கக் கொடுத்தேன். கீழே விரிப்புகள் அடுக்கும் லினன் ரூமுக்கும் நானே எடுத்துக்கொண்டு போனேன்.

"இன்னா மேடம் விசேஷம்?" என்று கேட்டாள் ஒருத்தி. முப்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, சீருடைக் கோட்டின் மார்பில் பதினாலு என்று நம்பர்.

"நான் கேட்டது கெடச்சிடுச்சிம்மா."

"நல்லா கீது மேடம்," என்று விரலை நக்கிக்கொண்டாள். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த அறையில் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அதில் செல்லம் இருக்குமே தவிர மரியாதைக் குறைவு இருக்காது. நானும் பதினாலு என்றே சொல்கிறேன்.

அடுத்த வாரமே அண்ணாத்த என் அறைக்கு வந்து நின்றார்.

"மேடம், இந்தப் பூட்டு கொஞ்சம் பேஜாரா கீதே. ஒரு சாவி நம்ம கைல இருக்காதா?"

"இருக்காது. அதுக்குத்தான் பூட்டு," என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அவரும் ஏன் என்று விளக்கிச் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்திருந்தாலும் அன்று நான் முழுதாகக் கேட்டிருக்க மாட்டேன்.

மாதம் முடிந்து முதல் ரிப்போர்ட் தானாகவே சென்னைக்குப் போயிற்று. அதே நாள் காலை, பணியாளர்கள் நுழையும் வாசலில் கூச்சலாக இருக்கிறது என்று கேமராத் திரையைப் பார்த்தேன். அங்கே முகத்தைப் பார்த்து வருகையைப் பதிகிற இயந்திரம் ஒன்று சுவரில் இருக்கிறது. அதன் முன்னால் நாலைந்து பெண்கள். ஒருத்தி கால் கட்டைவிரலில் எம்பி நின்று, மார்பில் இருக்கும் கோட்டு நம்பரை இரண்டு கையாலும் இழுத்துக் கேமராவுக்கு நேராகக் காட்டுகிறாள். இன்னொருத்தி பின்னால் நின்று, "இன்னும் தூக்குடி, அதுக்குத் தெரியல," என்கிறாள். இயந்திரம் 'முகம் தெரியவில்லை' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. பின்னால் தோட்டக்காரர்களும் சமையல்காரர்களும் வரிசையில் நின்று சிரிக்கிறார்கள்.

படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன்.

"என்ன கூத்து இது? மிஷினை ஒடைக்கப் போறீங்களா?"

எம்பி நின்றவள் ஒன்பதாம் நம்பர்க்காரி. ஆனால் அவள் போட்டிருந்த கோட்டில் பதினாலு என்று இருந்தது.

"பின்ன இன்னா மேடம்? நான் போன வெள்ளிக்கெழம பதினாலு கோட்டு போட்டுக்கினுதான் வேல செஞ்சேன். போன்ல பார்த்தா பதினாலு வரலன்னு செவப்பா கீது. நான் தப்பா வந்துட்டேன்னு எனக்கும் செவப்பா கீது. மிஷினு நம்பர சரியா பாக்கல. அதான் கிட்டத்துல காட்டுறோம்."

"அது முகத்தைத்தான் பாக்கும், கோட்டைப் பாக்காது."

"அப்போ இன்னாத்துக்கு போட்டோ புடிக்கும்போது கோட்டு போட்டுக்கினு வரச் சொன்னீங்கோ?"

இரண்டு வருடத்துக்கு முன்னால் முகங்களைப் பதிவு செய்த அன்று, எல்லாரும் ஒரே மாதிரி பாந்தமாக இருக்கட்டும் என்று கோட்டோடு வரச் சொன்னது நான்தான். இருபத்திரண்டு படத்திலும் நம்பர் தெளிவாகத் தெரியும். முகம் யார் என்று சொல்லும், கோட்டு எந்த வேலை என்று சொல்லும், மிஷின் இரண்டையும் படித்துக்கொள்ளும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் அப்படித்தான் அந்த மிஷினைச் செய்திருக்க வேண்டும்.

லினன் ரூமில் உட்கார வைத்து எனக்கு எல்லாவற்றையும் சொன்னார்கள். சுவரில் இருபத்திரண்டு ஆணி, இருபத்திரண்டு கோட்டு. ஒருத்தியால் ஒரு நாள் வர முடியாது என்றால், அன்று விடுமுறையில் இருக்கும் வேறொருத்தி வந்து அவள் ஆணியில் இருந்து அவள் கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்வாள். அன்று முழுக்க அவள்தான் அந்த நம்பர். அந்த நம்பருக்கு உண்டான அறைகள், அந்த நம்பருக்கு வர வேண்டிய திட்டு, எல்லாம் அவளுக்கு. பிறகு என்றைக்காவது இவள் போய் அவள் கோட்டைப் போடுவாள். யார் எத்தனை நாள் என்று ஒருவரும் எண்ணுவதில்லை. விடுதி திறந்த நாளில் இருந்து இதுதான் வழக்கம். காலையில் அண்ணாத்த ஆணிகளைத்தான் பார்ப்பார். அன்று வேலை உள்ள நம்பர்களின் ஆணியெல்லாம் காலி என்றால் எல்லாரும் வந்தாயிற்று.

அந்தச் சின்னச் சின்ன சேஞ்சுகள் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. கோட்டு மாறியதற்குத் தகுந்தபடி பட்டியலையும் மாற்றி, எங்கும் சிவப்பு விழாமல் அந்த மனிதர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவரை ஒழுங்கில்லாதவர் என்றேன்.

"பதினாலு எங்க இன்னைக்கு?" என்று கேட்டேன்.

"செவ்வாக்கெழம இல்ல? பாப்பாவ இட்டுக்கினு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா," என்றாள் ஒன்பது.

பதினாலுக்கு ஒரே பெண். நாலு வயது. பிறந்ததில் இருந்து காது கேட்காத குழந்தை. அரசாங்கத் திட்டத்தில் ஆபரேஷன் செய்து காதுக்குப் பின்னால் கருவி வைத்திருக்கிறார்கள். கருவி வைத்ததும் குழந்தைக்கு எல்லாம் புரிந்துவிடாதாம். எந்தச் சத்தம் எது என்று ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். அதற்காக வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் காலையில் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் பயிற்சி. அம்மா கூடவே உட்கார்ந்து கற்றுக்கொண்டு வீட்டிலும் செய்ய வேண்டும். நடுவில் விட்டால் பிடித்தது நழுவிப் போகும், வயது ஏற ஏறப் பிடிப்பதும் கஷ்டம். அவள் புருஷனுக்குக் கல்பாக்கத்தில் ஒப்பந்தப் பெயின்டர் வேலை, நினைத்தபடி வர முடியாது. இவளுக்கு வார விடுமுறை சுழன்றுகொண்டே வரும், ஒரே கிழமையில் நிற்காது. ஒரு வருடமாக மற்ற பெண்கள் முறை போட்டு அவள் கோட்டைப் போட்டிருக்கிறார்கள்.

மாடிக்குப் போனேன். தலைமை அலுவலகத்தில் இருந்து மெயில் வந்திருந்தது. பணியாளர் பிரிவு மேலாளர் முதலில் என்னைப் பாராட்டியிருந்தார். என் முயற்சியால்தான் உண்மை நிலவரம் தெரிய வந்ததாம். அடுத்த பத்தியில் பதினாலின் முழுப் பெயர். ஒரே மாதத்தில் எட்டு நாள் அனுமதியின்றி வரவில்லை, ஐந்து நாள் அனுமதியின்றி வந்திருக்கிறார், எனவே இந்த மாதக் கடைசியில் முடியும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம்.

உடனே மேலாளருக்குப் போன் போட்டேன். நடந்ததை எல்லாம் சொல்லி, பூட்டைத் திறந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"மேடம், பூட்டு கேட்டதே நீங்கதான். இப்ப எல்லா ஊர் கிளையிலும் போட்டாச்சு. உங்க ஒரு இடத்துக்காக எப்படித் திறக்கறது?"

"வேலை ஒரு நாள்கூட நிக்கலை சார். அவளுக்குப் பதிலா ஆள் வந்திருக்காங்க."

"சிஸ்டத்துல மாத்திக்கிறதுன்னு ஒரு வசதி இருந்து, அதுல பதிவாகியிருந்தா நான் ஒத்துக்குவேன். இல்லாத ஒண்ணை எதை வெச்சு ஒத்துக்கறது?"

"அந்த வசதி வந்துட்டா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "மாசக் கடைசி வரைக்கும் அந்தத் தாள்ல கையெழுத்துப் போடாம வெச்சிருக்கேன். அதுக்கு மேல என் கையில இல்ல." குரலில் ஈரம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு மாத அவகாசத்தை அவர் தராமலும் இருந்திருக்கலாம். இன்றைக்கும் அதை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் பதினாலிடம் நானே போய்ச் சொன்னேன். பூட்டு கேட்டது நான், பால்கோவா கொடுத்தது அதற்குத்தான், அதனால் உன் வேலைக்கு ஆபத்து வந்திருக்கிறது என்று எதையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் தலையணை உறைகளை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"வேல பூடுச்சுன்னா பாப்பாவ இட்டுக்கினு போறதுக்கு பஸ்ஸுக்குக்கூட எங்க வூட்டுக்காரரையே கேக்கணும் மேடம்," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, "அந்த ஸ்வீட்டு நல்லாத்தான் இருந்துச்சி," என்றாள்.

அன்றே கோரிக்கைப் பலகையில் எழுதினேன். இந்த முறை நிறுத்தி நிதானமாக, பெரிய பெரிய வார்த்தைகள் போட்டு எழுதினேன். இரு பணியாளர்கள் பரஸ்பர ஒப்புதலுடன் ஷிஃப்ட்டை மாற்றிக்கொள்ளும் வசதி, அதற்கேற்ப ரிப்போர்ட்டில் மாற்றம், இன்னும் என்னென்னவோ. ஒரு வாரம் போயிற்று. கீழே ஒரே ஓட்டு விழுந்திருந்தது. அது என்னுடையது. கம்பெனியில் இருந்து, உங்கள் கருத்துக்கு நன்றி, பரிசீலிக்கிறோம் என்று இயந்திரம் அனுப்பிய பதில் வந்தது. எனக்கே என் கோரிக்கையைப் படித்தால் கொட்டாவி வந்தது.

லினன் ரூமில் போய் நிலவரத்தைச் சொன்னேன். ஒன்பதாம் நம்பர்க்காரி, "அந்தப் பலகைல நாங்க ஓட்டு போட முடியாதா?" என்று கேட்டாள். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. தங்கள் ஷிஃப்ட்டைப் பார்ப்பதற்காக எல்லாருக்கும் போனில் அந்த ஆப் இருக்கிறது. அதற்குள்ளேயே பலகைக்கும் வழி இருக்கிறது. பலகை மேலதிகாரிகளுக்கானது என்று எங்கும் எழுதவில்லை. நான்தான் மனதுக்குள் அப்படி எழுதி வைத்திருந்தேன்.

அன்று நாஸ்தா நேரத்தில் இருபத்திரண்டு பேரும் ஓட்டுப் போட்டார்கள். அதோடு நிற்கவில்லை. கீழே கருத்து எழுத இடம் இருப்பதைக் கண்டுபிடித்து, போனில் பேசியே எழுத வைத்தார்கள். 'பதினாலு கோட்டு வந்துச்சா இல்லியா அத்த மட்டும் கேளு' என்று ஒருத்தி. 'நான் போனா இன்னா அவ போனா இன்னா ரூமு சுத்தமா கீதா பாரு' என்று இன்னொருத்தி. 'வணக்கம் சார் துன்னுட்டீங்களா, எங்க பதினாலுக்கு இத்த செஞ்சி குடுங்க' என்று ஒன்று. லினன் ரூம் ஃபேன் ஓடவில்லை, அதையும் சேர்த்துப் பாருங்கள் என்று ஒன்று. கடைசியில் அண்ணாத்த, 'மேற்கண்ட அனைத்தும் உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதுபோலத் தன் பெயரையும் பதவியையும் போட்டிருந்தார்.

மறுநாள் காலை கம்பெனியில் இருந்து போன். கோரிக்கைகளைப் பார்த்து எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் ஆளாம். ஒரே இடத்தில் இருந்து அரை மணி நேரத்தில் இத்தனை ஓட்டு, புரியாத கருத்துகள், யாரோ உங்கள் கணக்கில் புகுந்து விளையாடுகிறார்கள், அதனால் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றார்.

அவ்வளவுதான். என் கோபத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது.

"புரியாத கருத்தா? என்ன புரியலை உங்களுக்கு? தமிழ்தானே? அது ஒவ்வொண்ணும் ஒரு ஆளு. ரூம் ரூமா முட்டி போட்டுத் துடைக்கிற ஆளு. நான் எழுதின பெரிய பெரிய வார்த்தை புரிஞ்சுதா? அதைப் படிச்சீங்களா நீங்க? நம்ப முடியலைன்னா நேர்ல வந்து பாருங்க. பொத்தேரியில உக்காந்துகிட்டு யாரு நிஜம், யாரு பொய்னு எப்படித் தெரியும்?"

எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. அந்தக் கருத்துகளை மறுபடி திறந்து படிக்கிறார் போலிருக்கிறது.

"இருபத்திரண்டு பேரும் நிஜமான ஆளுங்களா மேடம்?" என்று கேட்டார் மெதுவாக. "வெள்ளிக்கிழமை வரட்டுமா?"

வந்தார். நாற்பது வயதுக்காரர். பொத்தேரியில் இருந்து பைக்கிலேயே வந்திருந்தார். ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு லினன் ரூமில் நின்றார். என் அறைக்கு வாங்க, ஸ்கிரீனில் காட்டுகிறேன் என்றேன். வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்றார். ஆணிகளைப் பார்த்தார். யார் எந்தக் கோட்டை எடுக்கிறார்கள் என்று பார்த்தார். ஒன்பது வந்து பதினாலை எடுத்து மாட்டியதும், "இவங்க எங்கே போயிருக்காங்க?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னார்கள். பிறகு அவர் மிச்சம் தொங்கிய ஒரு கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தார். தோளில் இறுக்கிப் பிடித்தது, கை முழங்கையோடு நின்றுவிட்டது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சார், நீங்க இன்னிக்கு மூணாம் நம்பரு. பன்னெண்டு ரூமு கீது, ஆரம்பிங்கோ," என்றாள் ஒருத்தி.

அவரும் சிரித்துக்கொண்டே கோட்டைக் கழற்றி, தப்பாமல் அதே ஆணியில் மாட்டினார். என்னிடம் திரும்பினார்.

"மேடம், நீங்க உங்க கோரிக்கையில ஆளை மாத்தணும்னு எழுதியிருந்தீங்க. ஆள் மாறினா எங்க சிஸ்டத்துல எல்லாமே மாறும், அது ஆறு மாச வேலை. இங்க பார்த்தா பட்டியல் மாறவே இல்லையே. கோட்டு அப்படியே இருக்கு. கோட்டுக்கு ஒரு வரிசை, அன்னைக்கு அதைப் போட்டவங்களுக்கு ஒரு வரிசை. ரெண்டு பேரும் அவங்கவங்க போன்ல சரின்னு அழுத்தணும். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். மூன்று பக்கம் எழுதி என்னால் சொல்ல முடியாததை அந்த மனிதர் ஒரு இறுக்கமான கோட்டைப் போட்டுப் புரிந்துகொண்டார். உங்கள் விடுதிக்கு மட்டும் சோதனைக்காகப் போட்டுப் பார்க்கலாம், நாள் மட்டும் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது ஃபேனைத் தன்னால் சரி செய்ய முடியாது என்பதற்கு லினன் ரூமில் தனியாக மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

நான் நாளைக் கேட்கவில்லை. எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தேன். மாதக் கடைசிக்கு நாலு நாள். மூன்று நாள். வேனில் திருக்கழுக்குன்றம் தாண்டும்போதெல்லாம், பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பதினாலைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் பட்டியலின் ஓரத்தில் ஒரு புதுப் பொத்தான். 'மாற்றாக வந்தவர்' என்று தமிழிலேயே எழுதியிருந்தார்கள்.

பழைய தேதிக்கும் பதியலாம், ஆனால் மாற்றிக்கொண்ட இருவரும் சரி என்று அழுத்தியாக வேண்டும். எங்கள் விடுதியில் செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மூலையில்தான். மதியம் அங்கே பெண்கள் வரிசையாக நின்றார்கள். எந்த வெள்ளிக்கு யார், எந்த ஞாயிறுக்கு யார் என்று ஒரு சீட்டுகூட யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. அன்னிக்கு மழை, அன்னிக்கு நீ மீன் கொழம்பு கொண்டாந்தே, அன்னிக்கு அந்த வெள்ளக்காரக் கெழவி ரூமுல பல்செட்டை வெச்சிட்டுப் போனா, என்று சொல்லிச் சொல்லி அழுத்தினார்கள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் என் திரையில் ஒரு சிவப்பு வரி பச்சையாயிற்று. எட்டும் மாறியது. மற்ற ஐந்தும் மாறியது. என் அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

அந்த ரிப்போர்ட்டை அனுப்பும்போது கூடவே எழுதினேன். பூட்டைக் கேட்டது நான், கேட்பதற்கு முன்னால் கீழே இறங்கிப் போய் விசாரிக்காததும் நான், அந்தப் பெண்ணின் மேல் ஒரு தவறும் இல்லை என்று. மேலாளரிடம் இருந்து சாயந்தரம் ஒரே வரி வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது, தாள் நாளை வரும்.

நான் பால்கோவா வாங்கவில்லை. பதினாலு வாங்கிக்கொண்டு வந்தாள். முதல் துண்டை அண்ணாத்தவுக்குக் கொடுக்கச் சொன்னேன். இத்தனை வருடம் சின்ன சேஞ்சு, சின்ன சேஞ்சு என்று அவர்தான் தன் கையாலேயே அந்த வசதியைச் செய்துகொண்டிருந்தார்.

இதெல்லாம் நடந்து சில மாதம் கழித்து முகூர்த்த சீசனில் ஒரு செவ்வாய். மறுநாள் புதன்கிழமை முகூர்த்தம், விடுதி முழுக்கக் கல்யாணக் கும்பல். இருபத்திரண்டு கோட்டுக்கும் இருபத்திரண்டு பேர் வேண்டும், எல்லாருடைய வார விடுமுறையும் ரத்து. பதினாலு கோட்டைப் போட ஆள் இல்லை. அவள் யாரையும் கேட்கவில்லை. ஒரு நாள்தானே, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. என் விடுமுறையை மட்டும் யாரும் தொட்டிருக்கவில்லை. எனக்கும் அது கிழமை மாறி மாறித்தான் வரும். அந்த வாரம் செவ்வாய்.

"பாப்பாவை என்கிட்ட விடு. நான் கூட்டிட்டுப் போறேன்," என்றேன்.

"ஐயே, நீங்க எதுக்கு மேடம்? உங்குளுக்கு அந்த ஒரு நாள்தான் ரெஸ்ட்டு."

"ஒன்பது மட்டும் உன் கோட்டைப் போடலாம், நான் போடக் கூடாதா?"

செவ்வாய் காலையில் திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு வேனுக்கு ஓடினாள். குழந்தை அழவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காதுக் கருவி சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியது.

பயிற்சி அறை சின்னது. பயிற்சி தரும் பெண் ஒரு அட்டையால் தன் வாயை மறைத்துக்கொண்டு 'ஆ' என்றார். குழந்தை கன்னத்தோடு ஒரு மரக்கட்டையை வைத்துக் காத்திருந்தது. சத்தம் கேட்டதும் அதைக் கூடையில் போட்டது. 'ம்', கட்டை விழுந்தது. 'ஈ', விழுந்தது. உதட்டைப் பார்க்காமல் காதால் மட்டுமே கேட்க வேண்டும், அதற்குத்தான் அட்டை.

"ஷ் மட்டும் இன்னும் பிடிபடலை. ரொம்ப மெல்லிசான சத்தம். கூட வந்தவங்களும் செய்யணும், நீங்க சொல்லுங்க," என்று அட்டையை என்னிடம் கொடுத்தார்.

வாயை மறைத்துக்கொண்டு "ஷ்" என்றேன். குழந்தை அசையவில்லை. மறுபடி சொன்னேன். கட்டை கன்னத்திலேயே இருந்தது. இதற்குத்தான் வாரத்தில் இரண்டு நாள், ஒரு வருடமாக, ஒவ்வொருத்தியாக வந்து அந்தக் கோட்டை மாட்டியிருக்கிறார்கள். என் ரிப்போர்ட்டில் இதற்குப் பெயர் அனுமதியின்றி வரவில்லை. மூன்றாம் தடவை சொன்னேன். குழந்தை தலையைக் கொஞ்சம் சாய்த்து, எங்கோ தூரத்தில் இருப்பதைக் கேட்பதுபோல நின்று, கட்டையைக் கூடையில் போட்டது.

பயிற்சியாளர் கை தட்டினார். எனக்குக் கை எழவில்லை. இதை அவள் அம்மா அல்லவா பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். மறு நிமிடமே அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ அறையில் பக்கெட் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "வெள்ளிக்கெழம நான் சொல்லிப் பாக்குறேன் மேடம்," என்றாள்.

கிளம்பும்போது ரிஜிஸ்டரைத் தள்ளினார்கள். குழந்தையின் பெயர், தேதி, உடன் வந்தவர் கையெழுத்து, உறவு முறை. கையெழுத்தைப் போட்டுவிட்டேன். கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு, பதினாலாம் நம்பர் கோட்டு என்று எழுதினேன். பயிற்சியாளர் அதைப் படித்தார். பதினாலு அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லி வைத்திருப்பாள் போலிருக்கிறது, ஒன்றும் கேட்காமல், அடுத்த தேதியாக வெள்ளிக்கிழமையை எழுதிக் கொடுத்தார்.